கைதட்டச் சொன்ன டீச்சர்

இண்டூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கும் சுமலதா டீச்சருக்கு, பாடத்தை அப்படியே ஒப்பிக்கிற பிள்ளைகளைக் கண்டாலே எரிச்சல் வரும். "கண்ணுல பட்டத வெச்சு, படாதத யோசிச்சுச் சொல்லுங்க" என்று வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை, ஒன்பதாம் வகுப்புப் பூங்கொடி தன் கலர் பென்சில்களையும் ஜாமெட்ரி பாக்ஸையும் தோழிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தாள். "நல்ல மனசு, எல்லாரும் கைதட்டுங்க" என்றாள் சுமலதா.

திங்கட்கிழமை பூங்கொடி வரவில்லை. முந்தின நாளே தீர்த்தமலைக் கோயிலில் தாலி கட்டிவிட்டார்களாம்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாடி?" என்று வகுப்பைப் பார்த்துக் கத்தினாள்.

ராதிகா எழுந்தாள். "யாரும் சொல்லலைங்க டீச்சர். போன வருசம் மஞ்சுளாக்காவும் இப்படித்தான் எல்லாத்தையும் குடுத்துட்டுப் போச்சு. பென்சிலக் குடுத்தப்பவே புரிஞ்சிடுச்சுங்க. நீங்க கைதட்டச் சொன்னீங்க, தட்டினோம்."