அத்தான் பெயரும் ஐந்தாவது திருத்தமும்

நான் நாகர்கோவில் கோர்ட்டில் சிவில் வக்கீல். வரப்பு நகர்ந்த வழக்கு, பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் தென்னை மட்டை விழுந்த வழக்கு, இவைதான் என் பிழைப்பு. அமெரிக்கச் சட்டத்துக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, என் அக்கா அமெரிக்கக்காரி ஆவதென்று முடிவு செய்கிற வரைக்கும்.

அத்தான் இறந்தபின் மகனோடு இருக்க அங்கே போனவள் அவள். குடியுரிமை கேட்டதற்குக் காரணம், எங்கள் ஊரான சுசீந்திரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான். கேட்டால் கிறுக்குத்தனமாகத் தெரியும். ஆனால் கிரீன் கார்டை வைத்துக்கொண்டு ஊரில் ரொம்ப நாள் தங்கினால், திரும்பிப் போகும்போது விமான நிலையத்தில் நீ எந்த ஊர்க்காரி என்று குடைவார்கள். கார்டே போனாலும் போகும். அந்த நாட்டுக் குடிமகளாகிவிட்டால் இந்தத் தொல்லை கிடையாது. கன்னிப்பூ நடவு முதல் கும்பப்பூ அறுவடை வரை இரண்டு போகத்தையும் இருந்து பார்த்துவிட்டு, பேரப்பிள்ளைகளிடம் சாவகாசமாகத் திரும்பலாம். வருகிற ஒவ்வொரு முறையும் கதிர் முற்றுவதற்குள் பெட்டி கட்ட வேண்டியிருப்பது அவளுக்கு ஆறவே இல்லை.

அதற்கு ஒரு தேர்வு எழுத, இல்லை, சொல்ல வேண்டும். அவர்கள் சட்டத்திலும் சரித்திரத்திலும் கேள்வி கேட்பார்கள். வயதும் ஆகி, அங்கே போய் வருஷங்களும் ஆகியிருந்தால் சொந்த மொழியிலேயே பதில் சொல்லலாம், மொழிபெயர்க்க ஓர் ஆள் உட்காருவார். போன முறை ஊருக்கு வந்தபோது, வக்கீல் தம்பி வீட்டில் சும்மாதானே இருக்கிறான் என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் கீரை ஆய்வாள், நான் பாடம் நடத்துவேன்.

சட்டம் போட ஓர் அமைப்பு, நடத்த ஓர் அமைப்பு, தீர்ப்புச் சொல்ல ஓர் அமைப்பு, ஒன்று தலைகால் தெரியாமல் ஆடினால் மற்றது பிடித்து நிறுத்தும் என்று ஆரம்பித்தேன். நம் வீட்டில் மூன்றும் அம்மாதான் என்றாள் அக்கா. அது உண்மை. அப்பா செய்த மேல்முறையீடு ஒன்றுகூட விசாரணைக்கு வந்ததில்லை.

அரசியல் சட்டத்தை எழுதி முடித்த சூட்டிலேயே பத்துத் திருத்தம் போட்டார்கள் என்றதும், முதலிலேயே ஒழுங்காக எழுதியிருக்கக் கூடாதா என்று கேட்டாள். ஒரு திருத்தம் போட்டு நாடு முழுக்க மதுவை ஒழித்து, பிறகு இன்னொரு திருத்தம் போட்டு அந்தத் திருத்தத்தை ஒழித்த கதை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அப்பா ஒவ்வொரு ஜனவரியும் இதைத்தானே செய்தார் என்றாள்.

எல்லாம் சிரிப்பாகவே போகவில்லை. ரயிலில் கறுப்பர்களைத் தனிப் பெட்டியில் ஏற்றலாம், பெட்டி சமமாக இருந்தால் போதும் என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் ஒரு காலத்தில் சொன்னது. பள்ளிக்கூட வழக்கு ஒன்றில் அந்த வாதம் செல்லாது என்று சொல்ல அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. தனியாக இருந்தால் சமமாக இருக்க முடியாதா என்ன என்று அக்காவைச் சோதித்தேன்.

"கடைசிப் பந்தியில அவியல் இருக்காதுலே," என்றாள். "எனக்க கல்யாணத்துலயும் இருக்கல்ல."

முதல் பந்தியில் நாங்கள் உட்கார்ந்தோம். கடைசிப் பந்தியில் எங்கள் வயலில் நட்டவர்களும் அறுத்தவர்களும் உட்கார்ந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்குப் பாடத்தை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மதச் சுதந்திரத்துக்கு வந்தபோதுதான் வண்டி மாட்டிக்கொண்டது. எந்தச் சாமியையும் எந்தப் பெயர் சொல்லியும் கும்பிடலாம் என்றேன். அக்காவுக்கு அந்த உரிமை உபயோகப்படாது. கட்டினவன் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் அவள். அத்தானுக்கோ எங்கள் கோயில் சாமியின் பெயரையே வைத்துத் தொலைத்திருந்தார்கள். ஆக, சாமியும் அவளுக்குக் 'கோயில்காரரு'தான். ரேஷன் கடையில் கேட்டால் வரிசையில் நிற்கிற யாராவது பெயரைச் சொல்வார்கள். விசாவுக்குச் சென்னை போனபோதும் மகன் எழுதித் தந்த தாளைக் காட்டித் தலையாட்டிவிட்டு வந்தாள். அத்தான் இருந்த காலத்தில் 'இஞ்ச பாருங்கோ' என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். அவர் தொழுவத்தில் நின்றாலும் வந்துவிடுவார். ஆளே போன பிறகும் எதற்கு இந்தப் பத்தியம் என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

கடைசியாக ஐந்தாவது திருத்தம். தன் வாயாலேயே தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, பேசாமல் இருக்க உரிமை உண்டு, பிடித்துவைத்து விசாரிக்கும் முன் போலீஸே அதை எடுத்துச் சொல்ல வேண்டும். அக்கா கீரையைக் கீழே வைத்துவிட்டு இரண்டாம் தடவை சொல்லச் சொன்னாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

தேர்வு முடிந்ததும் அவளே கூப்பிட்டாள். சட்டக் கேள்வி எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டாளாம். பிறகு அதிகாரி விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். பேர், விலாசம், புருஷன் பேர். அக்கா பேசவில்லை. காது கேட்கவில்லையோ என்று மொழிபெயர்க்க வந்த திருச்சிப் பெண் சத்தமாகக் கேட்டாள். அக்கா தாளைத் தொட்டுக் காட்டினாள். வாயால் சொல்ல வேண்டும் என்றார் அதிகாரி. உடனே இவள், ஐந்தாவது திருத்தம், நான் பேச மாட்டேன் என்றிருக்கிறாள். திருச்சிப் பெண்ணும் ஓர் எழுத்து விடாமல் அதை மொழிபெயர்த்திருக்கிறாள்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். குற்றத்துக்குத்தான் அந்த உரிமை என்று சொல்லியிருந்தேன். என் கட்சிக்காரர்களைப் போலவே அவளும் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, இந்தக் கல்யாணத்தில் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்டாராம். இரண்டு போகமும் போயிற்று என்று நினைத்தேன்.

"பொய்க் கல்யாணமான்னு கேட்டாம்லே," என்றாள். "அவியளோட நான் வாழ்ந்த வாழ்வுக்கு. எனக்குப் பொறுக்கல்ல. சொல்லிட்டேன்."

முழுப் பெயரையும், மாமனார் பெயரோடு சேர்த்து, அடுத்த அறைக்குக் கேட்கிற மாதிரி சொன்னாளாம். அதிகாரி ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். தேறியாயிற்று. இனி உறுதிமொழி எடுப்பது ஒன்றுதான் பாக்கி.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த கன்னிப்பூவுக்கு வந்துவிடு, வரப்பில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறேன் என்று ஏதேதோ பேசினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. என்னிடமும் ஐந்தாவது திருத்தமா என்றேன்.

"இல்லலே," என்றாள். "பேரச் சொன்னதும் பின்னால திரும்பிப் பாத்தேன் பாத்துக்கோ. கூப்பிட்டா அவிய வந்துருவாவல்லா."