கடிபட்ட விரல்

தீவில் ஆராய்ச்சிக்காகச் சுண்டெலி பிடிக்கும் வேலைக்கு அவளை எடுத்தபோது, முன்பு அந்த வேலையைப் பார்த்தவர் என்ன ஆனார் என்று அவள் கேட்கவில்லை. இரண்டாம் மாதம் படகோட்டிதான் வாய்தவறிச் சொன்னார்: எலி கடித்து, காய்ச்சல் கண்டு, பத்தே நாளில் போய்ச் சேர்ந்தாராம். அன்றிலிருந்து நான்கு வருடமாக, கையுறையை ஊதி ஓட்டை பார்க்காமல் அவள் ஒரு பொறியையும் தொட்டதில்லை.

விடிந்ததும் புல்வெளியில் வைத்த நூற்றிருபது தகரப் பொறிகளையும் பார்த்து வர வேண்டும். கதவு மூடியிருந்தால் துணிப்பைக்குள் கவிழ்த்து, எலியைப் பிடரியில் பிடித்து, எடை போட்டு, காதில் எண் தகடு மாட்டி, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். கட்டைவிரல் அளவு எலிதான். ஆனாலும் பை அசையும்போதெல்லாம் அவள் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்வாள்.

அன்று மழை. ஊதிப் பார்த்த கையுறை வழியில் முள்ளில் கிழிந்தது தெரியவில்லை. சுருக்கென்றது. ஆள்காட்டி விரலில் இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

"பதறாதீங்கக்கா. கடிச்ச எலியோட ரத்தத்த சோதனைக்கு அனுப்பிட்டேன். ஒன்பது நாள்ல தெரிஞ்சிடும்," என்றார் அவளைவிட இளைய ஆய்வாளர். சொன்னவர் முகத்தில் ஈயாடவில்லை.

கரையில், வீட்டில் கணவரும், கைக்குழந்தையோடு வந்திருந்த மகளும் இருந்தார்கள். "படகு ரிப்பேருங்க. சரியானதும் வரேன்," என்று போனில் சொல்லிவிட்டு, தீவிலேயே சாமான் அறையில் தனித்தட்டோடு ஒதுங்கினாள். ஐந்தாம் நாள் மூட்டெல்லாம் வலிப்பது போலிருந்தது. காய்ச்சல்மானி ஒன்றும் காட்டவில்லை. அவள் நம்பாமல் உதறி உதறி வைத்துப் பார்த்தாள்.

ஆறாம் நாள் படகிலிருந்து கணவர் இறங்கினார். பஸ் பட்டறையிலிருந்து அப்படியே வந்த சட்டை, கிரீஸ் கறை.

"ரிப்பேர்னு சொன்ன படகுலதான் வந்தேன். என்ன விஷயம்?"

"கிட்ட வராதீங்க. எலி கடிச்சிருச்சு." விரலைத் தூக்கிக் காட்டினாள்.

அவர் பத்தடி தள்ளிக் கல்லில் உட்கார்ந்தார். "மறைக்கிறதுக்கு நான் என்ன மூணாம் மனுஷனா?"

"வீட்ல பேரன் இருக்கான்ல. ஒட்டிக்குமோன்னு பயம்."

"சரி, லீவு சொல்லிடறேன். நானும் இங்கயே இருக்கேன்."

மூன்று நாளும் அந்தப் பத்தடி தூரத்திலிருந்தே பிரேக்கைப் பற்றியும் பட்டறை மேஸ்திரியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். பாதி அவள் காதில் ஏறவில்லை.

ஒன்பதாம் நாள் ஆய்வாளர் போனும் கையுமாக ஓடிவந்தார். "எலி சுத்தம்க்கா. ஒண்ணுமே இல்ல."

அவள் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கணவர் எழுந்து வந்து கையைப் பிடிக்கப் போனார். அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இன்னும் ரெண்டு நாள் போகட்டுங்க. பத்து நாள் தாண்டட்டும்."

அந்த இரண்டு நாளும் போன பிறகுதான் இருவரும் படகேறினார்கள். பேரனைத் தூக்க அவளுக்கு மேலும் ஒரு வாரம் பிடித்தது.