தீர்மானத்துக்கு முன்னால் போட்ட கையெழுத்து

வேம்புலியம்மாள் மெம்பர் ஆனது தொண்ணூற்றாறில். பூந்தமல்லிக்கு மேற்கே அந்தச் சின்ன ஊராட்சியில் பெண்களுக்கென்று ஒரு வார்டை ஒதுக்கினார்கள். காலனி சனம் கூடி இவளை நிறுத்தி ஜெயிக்கவைத்தது. ஒரு காலத்தில் நாற்று நட்டவள், வயல்கள் மனையானதும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைக்கப் போனவள். அறிவொளி வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கவும், கோணல்மாணலாக எழுதவும் கற்றுக்கொண்டதுதான் படிப்பு.

அந்த ஊராட்சியில் ஒரு பழக்கம். கூட்டம் தொடங்கும்போதே கிளார்க் இக்னேஷியஸ் மினிட் புத்தகத்தை நீட்டுவார். மேலே வெற்றுப் பக்கம், அடியில் எல்லாரும் கையெழுத்துப் போடவேண்டும். அப்புறம் டீ, போண்டா வரும். தீர்மானத்தை அவர் பிறகு நிதானமாக எழுதிக்கொள்வார். தெருவிளக்கு, குழாய் ரிப்பேர் என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? இவளும் ஒருநாளும் கேட்டதில்லை.

தொண்ணூற்றேழு ஆடியில் ஒரு கூட்டம். ஏரியை ஒட்டி நாற்பது ஏக்கரில் தொழிற்பூங்கா வருகிறதாம், ஊராட்சிக்கு ஆட்சேபணை இல்லை என்று தீர்மானம் வேண்டுமாம். உள்ளூர்க்காரர்களுக்கு நூறு வேலை. அந்தப் பட்டியலில் வேம்புலியின் மகன் ஏழுமலை பெயர் மூன்றாவதாக இருந்தது. ஐடிஐ ஃபிட்டர் முடித்து நாலு வருஷமாக வீட்டில் சும்மா இருப்பவன். அன்று காலை அம்மாவின் புடவையை அவனே இஸ்திரி போட்டுக் கொடுத்தான், பாவம்.

கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் அவள் மேசையில் விரித்திருந்த வரைபடத்தைப் பார்த்தாள். ஏரி இருந்தது, ரோடு இருந்தது. ஏரிக்குத் தண்ணீர் வருகிற கால்வாயைக் காணோம்! அது ஓடுகிற இடத்தில் கம்பெனிக்காரன் கட்டடம் போட்டிருந்தான். அந்தக் கால்வாயில் இடுப்பளவு சேற்றில் நின்று தூர் வாரியவள் அவள். அதை அடைத்தால் ஐப்பசி மழைத் தண்ணீர் வேறெங்கே போகும்? அறுபது வீடு இருக்கிற காலனிக்குள்தான் பாயும்.

"தலைவரே, கால்வா இன்னா ஆச்சு?"

தலைவர் வீராசாமி போண்டாவை மென்றுகொண்டே சிரித்தார். "அத்த மூடிட்டு குழா போடுவாங்கம்மா."

"எம்மாம் பெரிய குழா?"

வீராசாமி இன்னொரு போண்டாவை எடுத்தார். அவள் விடவில்லை.

"கம்பெனி வரட்டும், யாரு வேணான்றது? கால்வாய உட்டுட்டு கட்டச் சொல்லு."

"இந்த மாரி கண்டிசன் போட்டா அவன் ஸ்ரீபெரும்புதூருக்குப் பூடுவான். நூறு குடும்பத்து வயித்துல அடிக்கிறியா? உம் புள்ள பேரும் அதுல கீது, ஞாபகம் வெச்சுக்கோ."

மற்ற ஐந்து மெம்பர்களும் இவளையே பார்த்தார்கள். அவர்கள் வீடெல்லாம் மேட்டில், அவர்களுக்கு என்ன வந்தது? வேம்புலியைப் பெற்ற வயிறு ஒரு பக்கம் இழுத்தது.

"எனுக்கு சம்மதம் இல்ல. எழுதிக்கோ," என்றாள்.

இக்னேஷியஸ் தலையைச் சொறிந்தார். "நீதான் கையெழுத்து போட்டுட்டியேக்கா. மேல 'ஒருமனதாக நிறைவேறியது'ன்னு எழுதிட்டா முடிஞ்சுது."

முடிந்ததாமே! எட்டிப் புத்தகத்தைப் பிடுங்கினாள், கூடவே பேனாவையும். வீராசாமி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஏய், குடு அத்த!" அவர் மேசையைச் சுற்றி வருவதற்குள் எழுதியாக வேண்டும், அவளுக்கோ ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மூச்சு. கையெழுத்துக்களுக்கு மேலே, பக்கம் முழுக்க, 'கால்வாய மூட கூடாது' என்று கிறுக்கி முடிக்கவும் அவர் வந்து பிடுங்கவும் சரியாக இருந்தது. கிழிக்கவும் வழியில்லை, எண் போட்ட பக்கம்.

வேறு வழியில்லாமல் இன்னொரு கூட்டம் போட்டார்கள். அன்றைக்குக் காலனியே வந்து வாசலில் நின்றது. ஓடிவிடுவான் என்று வீராசாமி பயங்காட்டிய கம்பெனிக்காரன் எங்கேயும் ஓடவில்லை. கால்வாயை விட்டுவிட்டு வேறு படம் போட்டுக்கொண்டு வந்தான், தீர்மானம் நிறைவேறியது.

மறு வருஷம் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். தொண்ணூற்றொன்பது பேருக்கு ஆர்டர் வந்தது. பட்டியலில் மூன்றாவது பெயரை மட்டும் யாரோ அடித்திருந்தார்கள்.

ஏழுமலை கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

"நம்ம காலனில மட்டும் நாப்பது பேருக்கு வேலம்மா. அல்லாரும் உன்ன வந்து கும்புட்டுட்டுப் போறானுங்கோ. ஊருக்காக நீ பேசுன. எனுக்காவ யாரும்மா பேசுவா?"

அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவன் மெல்லக் கையை விலக்கிவிட்டு, ஹெல்பர் வேலை கேட்க அம்பத்தூர் பஸ்ஸுக்குப் போனான்.