மகள் நடித்த அம்மா

நான் வேலை செய்வது நோர்வூட் நகரத்தில், ஒரு போட்டோகொப்பி கடையில். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் மாதங்களில் எங்கள் இயந்திரத்துக்கு ஓய்வே கிடையாது. தரம் ஐந்து மாதிரி வினாத்தாள்களாகவே வந்து குவியும். மை சரியாகப் பதியாத தாள்களை முதலாளி ஒதுக்கிப் போடச் சொல்வார். அவற்றை நான் மடித்துக் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வருவேன். மகள் அந்த வருடம் தரம் ஐந்தில் படித்தாள். கேள்வியில் பாதி எழுத்து அழிந்திருக்கிறதே என்று அவள் தாளைத் தூக்கிக் காட்டினால், "தெரியுறத வச்சு எழுது" என்பேன்.

கணவருக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வருவார். மற்ற நாட்களில் வீட்டில் மகளும் நானும் கணவரின் அக்காவும்தான். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன், மகளுக்கு அத்தை. கல்யாணமான சில வருடங்களிலேயே புருஷனை இழந்து தம்பியிடம் வந்து சேர்ந்தவர். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். சரியாகச் சொன்னால், அவர் எங்களோடு இருக்கவில்லை, நாங்கள்தான் அவரோடு இருக்கிறோம். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு ஒரு வீடு இருப்பதே அவர் தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்குப் போவதால்தான்.

நான் முதல் பஸ்ஸுக்கு ஓடிவிடுவேன். மகளை எழுப்பி, தலை பின்னி, ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொடுத்து, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடத்து வாசலில் விடுவது அண்ணி. பள்ளிக்கூடம் விட்டு வந்தவளுக்குச் சோறு எடுத்து வைத்திருப்பதும் அண்ணி. நான் திரும்பி வரும்போது இருட்டிவிடும். அதற்குப் பிறகுதான் மகள் என் கைக்கு வருவாள். நான் அவளுக்குச் செய்தது எல்லாம் கேள்வித்தாளை விரித்துவைத்து எதிரே உட்கார்ந்ததுதான்.

உயர்தரம் வரை படித்தவள் நான். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. எங்கள் லயத்தில் அந்த அளவுக்குப் படித்த பெண் வேறு யாரும் அப்போது இல்லை என்பதால், யாருக்காவது சிங்களத்தில் கடிதம் வந்தால் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. மகள் என்னைத் தாண்டிப் போகவேண்டும் என்று நினைத்தேன். அவள் பின்தங்கினால் லயத்துக்காரர்கள் என்னைப் பற்றி என்ன சொல்வார்கள் என்றும் நினைத்தேன். இரண்டில் எது அதிகம் என்று இப்போதும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

ஒரு நாள் பின்னக் கணக்கு. முக்காலில் இருந்து அரையைக் கழிக்க வேண்டும். மகள் மேலே உள்ளதை மேலே இருந்தும், கீழே உள்ளதைக் கீழே இருந்தும் கழித்து, இரண்டின் கீழ் இரண்டு என்று எழுதி வைத்திருந்தாள். முதல் நாள்தான் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். நாள் முழுக்க நின்று கால் கடுத்துப்போய் வந்திருந்தேன்.

"இப்படியே படி. கூடைய மாட்டிக்கிட்டு மலைக்குத்தான் போவ நீ" என்றேன்.

மகள் அழிப்பானை எடுத்து வேகமாக அழித்தாள். அந்தப் பேச்சு வேலை செய்கிறது என்று கண்டுகொண்டேன். அடித்தால் அழுவாள், கொஞ்சினால் விளையாடுவாள். கூடை என்றால் மட்டும் தலை குனிந்து எழுதுவாள். எனவே அதையே சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல அது நீண்டது. அண்ணி தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போயிருந்த ஒரு மாலையில், "ஒங்க அத்தை கையப் பாத்தியா? அந்தக் கறை போகுமா? பொம்பள கை மாதிரியா இருக்கு? அப்படி ஆகணுமா ஒனக்கு?" என்றும் கேட்டேன்.

எங்களுக்கு ஓர் அறையும் ஒரு குசினியும்தான். அண்ணி வீட்டில் இல்லாதபோது மட்டுமே கையைப் பற்றிச் சொன்னேன். கூடையைப் பற்றியோ அவர் குசினியில் இருக்கும்போதே சொல்லியிருக்கிறேன். அடுப்பு ஊதுகிற சத்தத்தில் கேட்டிருக்காது என்று நானே நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பள்ளித் தவணையில் சுற்றாடல் பாடத்தில் தொழில்களைப் பற்றிப் படித்தார்கள். தெரிந்த ஒருவரின் தொழிலைப் பற்றி ஐந்து வசனம் எழுதிவரச் சொல்லியிருந்தார் டீச்சர். மகள் அத்தையைப் பற்றி எழுதியிருந்தாள். என் அத்தை கொழுந்து பறிக்கிறார். நாம் குடிக்கும் தேநீர் அவர் உழைப்பால் கிடைக்கிறது. எல்லாத் தொழிலும் மதிப்புக்குரியது. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடினேன்.

"அம்மா, டீச்சர் மதிப்புக்குரியதுன்னு சொல்றாங்க. நீங்க போகக் கூடாதுங்குறீங்க. எது சரி?" என்று கேட்டாள்.

"டீச்சர் சொன்னத பரீட்சையில எழுது. நான் சொல்றத மனசுல வச்சுக்க."

அவள் சரி என்று தலையாட்டினாள். எவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டாள் என்று அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பரீட்சைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, பிள்ளைகளுக்குப் பயம் தெளியட்டும் என்று டீச்சர் வகுப்பில் ஒரு சின்னக் கலைநிகழ்ச்சி வைத்தார். பெற்றோர் எல்லோரும் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். நாடகமும் உண்டு. அதில் மகளுக்குப் பெரிய பாத்திரம். என்ன நாடகம் என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்றாள்.

"டீச்சர் கதை மட்டுந்தான் சொன்னாங்க. பேச்செல்லாம் நாங்களே போட்டது. அம்மா, ஒங்க பழைய கைப்பையத் தர்றீங்களா?"

கொடுத்தேன்.

நான் முதலாளியிடம் கேட்டு ஒரு மணித்தியாலம் முன்னதாகக் கிளம்பினேன். அண்ணி அன்றைக்கு அரை நேர வேலையோடு வந்து, குளித்து, கோயிலுக்குக் கட்டுகிற மாம்பழ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்பே வகுப்பில் உட்கார்ந்திருந்தார். எனக்கும் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தார். பிள்ளைகளின் சின்ன வாங்குகளில் முழங்கால் மேலே முட்ட உட்கார்ந்திருந்தோம். வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கொழுந்துக்காரப் பெண்கள். மலையில் இருந்து நேரே வந்தவர்களும் உண்டு.

இரண்டு பாட்டும் ஒரு காவடியும் முடிந்த பிறகு நாடகம். வீட்டில் ஒரு மாலைநேரம், அவ்வளவுதான் கதை. ஒரு பிள்ளை தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். என் மகள் என் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். வந்ததும் பையைக் கழற்றி ஆணியில் மாட்டுவது போலக் காட்டி, ஒரு கையால் பிடரியைத் தேய்த்துக்கொண்டே, "என்ன, இன்னும் முடிக்கலியா?" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பிடரி தேய்ப்பு என்னுடையது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அண்ணி என் கையைத் தட்டி, "அப்படியே நீதான்" என்று மெதுவாகச் சொன்னார்.

மகள் அந்தப் பிள்ளையின் கொப்பியை எடுத்துப் பார்த்தாள். உதட்டைச் சுழித்தாள். பிறகு என் குரலில், நான் இழுக்கிற அதே இழுப்போடு சொன்னாள்: "இப்படியே படி. கூடைய மாட்டிக்கிட்டு மலைக்குத்தான் போவ நீ."

அதற்கும் சிரித்தார்கள், முன்னால் சிரித்த அளவுக்கு இல்லை. இதோடு நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வேறு எந்த நாளும் நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. ஆனால் மகளுக்குச் சபை பிடித்துப்போய்விட்டது. கண்கள் பளபளத்தன.

"ஒங்க அத்தை கையப் பாத்தியா? அந்தக் கறை போகுமா? பொம்பள கை மாதிரியா இருக்கு? அப்படி ஆகணுமா ஒனக்கு?"

பின்வரிசையில் யாரோ ஒருத்தி சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. அவள் பார்த்திருந்தால் தேவலை என்று இருந்தது. அண்ணியின் கைகள் மடியில் இருந்தன. அவற்றை அவர் மெல்லச் சேலை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். முகம் நாடகத்தை விட்டுத் திரும்பவில்லை. சிரிப்பும் முகத்தில் அப்படியே இருந்தது, எடுக்க மறந்துபோனது போல.

நாடகம் முடிந்ததும் முதலில் கைதட்டியவரும் அவர்தான். தட்டிவிட்டுக் கைகளைத் திரும்பவும் உள்ளே வைத்துக்கொண்டார்.

வெளியே வரும்போது டீச்சர் என்னிடம் வந்தார். வெளியூரில் இருந்து புதிதாக வந்த சின்ன வயதுப் பெண். "ஒங்க பிள்ளை எவ்வளவு நல்லா நடிக்கிறா! வீட்டுல நீங்கதான் பழக்கினீங்களா?" என்று கேட்டார். மனம் நிறைந்து கேட்டதுதான், அதில் குத்தல் ஒன்றும் இல்லை. நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. சுற்றி நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு வழிவிட்டதுதான் நினைவிருக்கிறது. அவர்களில் எத்தனை பேருக்குக் கடிதம் படித்துச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தியும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அண்ணியும் மகளும் கைகோத்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள். "நான் நல்லா செஞ்சேனா அத்தை?" என்று மகள் கேட்பதும், "ஒனக்கென்ன, ராசாத்தி" என்று அவர் சொல்வதும் காதில் விழுந்தன. மகளுக்கு எதுவும் புரியவில்லை. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என்னவென்று திட்டுவது?

வீட்டில் அண்ணி சேலையை மாற்றிவிட்டு அடுப்பு மூட்டினார். மகள் வெளியே விளையாடப் போன நேரம் பார்த்துக் குசினி வாசலில் போய் நின்றேன்.

"அண்ணி, அது வந்து... பிள்ளை படிக்கணும்னுதான் நான்..."

அவர் விறகை உள்ளே தள்ளினார்.

"அவ மலைக்குப் போகக் கூடாதுன்னு நீ சொன்னதுல என்ன தப்பிருக்கு? எனக்கு மட்டும் அவ கூடை தூக்கணும்னு ஆசையா? நான் கும்புடுறதும் அதுக்குத்தான்."

அடுப்பை ஒரு தடவை ஊதினார். பிறகு, "கையப் பத்திச் சொல்லியிருக்க வேணாம் புள்ள" என்றார்.

"மன்னிச்சிருங்க அண்ணி."

"ம். அந்த உப்பை எடு."

எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. அவர் கத்தியிருந்தால், தம்பிக்குப் போன் போட்டு அழுதிருந்தால், நானும் ஏதாவது பேசி என் பக்கத்து நியாயத்தைச் சொல்லியிருப்பேன். அதற்கு அவர் இடமே கொடுக்கவில்லை.

மறுநாள் காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "இவளுக்குத் தலைய மட்டும் பின்னிட்டுப் போறியா? என் கை சொரசொரன்னு இருக்கு, முடி மாட்டுது" என்று அண்ணி சொன்னார். சண்டைக்குச் சொன்னது போலத் தெரியவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். மகளும், "ஆமாம்மா, அத்தை கை குத்தும்" என்றாள். இதை இதற்கு முன்னும் அவரிடம் சொல்லியிருப்பாளோ என்று நினைத்துக்கொண்டே சீப்பை எடுத்தேன். அவசரத்தில் கோணலாகப் பின்னி முடித்தேன். அன்றைக்கு முதல் பஸ் போய்விட்டது.

மகள் பரீட்சை எழுதினாள். வெட்டுப்புள்ளிக்குக் கீழேதான் வந்தது. போனில் முடிவைப் பார்த்தது நான். இரண்டு பேரும் பக்கத்தில் நின்றார்கள். அண்ணி போனைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குள் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். வந்ததும் அதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மகள் கேட்டாள்.

"அப்ப நான் கூடைதானாம்மா?"

அண்ணி அவளை இழுத்துத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டார். "அடி போடி இவளே, பரீட்சை இதோட முடிஞ்சிருச்சா? இன்னும் எத்தனை வகுப்பு கெடக்கு" என்றார். மகள் அவர் சேலையில் முகத்தை வைத்து அழுதாள். நான் போனை அணைத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அழுகிற பிள்ளையிடம் நெருங்க எனக்குத் துணிவில்லை.

எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வரைதான். இந்த வருடம் தரம் ஆறுக்கு நகரத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். முதல் நாள் அண்ணியையும் வரச் சொன்னேன். வேலை இருக்கிறது, நீ போய்வா என்றுவிட்டார். இரண்டாம் தடவை நான் கேட்கவில்லை. புதிய வகுப்பாசிரியை பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சிரித்த முகமாகப் பேசினார். என் மகளிடம், "வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டார்.

"அம்மா. அப்பா கொழும்புல இருக்காங்க" என்றாள். பிறகு நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். அத்தையைச் சொல்லலாமா வேண்டாமா என்று கேட்கிற பார்வை. பாடப்புத்தகத்தில் அது இல்லை, எந்த டீச்சரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

"அவ அத்தையும் எங்களோட இருக்காங்க டீச்சர். பிள்ளைய வளக்கிறதே அவங்கதான்" என்று நான் சொன்னேன்.

"அப்படியா? என்ன செய்றாங்க?"

"தோட்டத்துல கொழுந்து எடுக்கிறாங்க."

உரக்கச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். குரல் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது. மகள் அதையும் கவனித்துக்கொண்டு நின்றாள்.