வீங்கிய இடது கன்னம்

எங்கள் மகளிர் கல்லூரி விடுதியில் புதிதாகச் சேர்கிறவள் மூத்த மாணவியை ஓங்கி அறைய வேண்டும். அந்த வழக்கத்தைத் தொடங்கியவர் மூன்றாம் ஆண்டு அக்கா ஒருவர். ஜூன் மாதம் முழுக்க அவருடைய இடது கன்னம் வீங்கியே இருக்கும்.

நான் மெல்லத் தட்டினேன்.

"இப்படித் தட்டுனா பஸ்ல ஒரசறவன் சிரிப்பான். கை கூசாம அடி, கண்ணு."

அடித்தேன். அவர் உதடு கிழிந்து, ரத்தம் சுடிதாரில் சொட்டியது. நான்தான் அழுதேன்.

"வலிக்கலீங்களாக்கா?"

"அன்னிக்கு அவனை அடிக்காம வந்தேன் பாரு, அதைவிடவா?"

அடுத்த வாரம் அருள்புரம் பஸ்ஸில் என் இடுப்பைத் தடவியவனின் மூக்கை உடைத்தேன். விடுதியே விசிலடித்தது. அக்கா மட்டும் என் கையிலிருந்த ரத்தத்தைக் கழுவிவிட்டார்.

அடிக்கக் கை வந்த எனக்கு, அக்கா சொன்ன அந்த 'அவன்' யாரென்று கேட்க மட்டும் கடைசிவரை வாய் வரவில்லை.