மெஷின் திறந்துவிட்ட கண்

பழைய போட்டோ வாங்கி, ஸ்கேன் பண்ணி, திருப்பிக் கொடுக்கிற வேலையில் படத்தைவிடப் படத்தோடு வருகிற பேச்சுதான் கனம். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் ஆராய்ச்சி ஆபீஸ். அந்தக் காலத்து ஸ்டூடியோ படங்களைச் சேர்த்து இன்டர்நெட்டில் போடுகிறார்கள். யார் எப்படி உட்கார்ந்தார்கள், என்ன உடுத்தினார்கள் என்று அதை வைத்துப் படிக்கிறார்களாம். வீடு வீடாகப் போய்ச் சம்மதம் கேட்டு வாங்கி வருவது நான். காலிங்பெல் அடித்துப் பிழைக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

இருப்பது ஒன்றுதான்

சாந்தோமில் பிலோமினா என்று ஒரு டீச்சர். அவர் அம்மா, இவர் பாடம் நடத்துகிற அதே பள்ளியில் ஆயாவாக இருந்து காலமானவர். சின்ன வயதில் அம்மை போட்டு இடது கண் மூடியே போய்விட்டது. அதனால் கேமராவைக் கண்டாலே எழுந்து போய்விடுவாராம். தப்பித் தவறி மாட்டியது ஒரே ஒரு படம். ஓரமெல்லாம் பூச்சி அரித்து, நடுவில் மடங்கிக் கிடந்தது. கொடுக்கிற மாதிரி நீட்டி, நீட்டிய கையை இழுத்து, மறுபடி நீட்டினார்.

"இது போச்சுன்னா எங்கம்மா மூஞ்சியே எங்களுக்கு மறந்துடும்க்கா. பத்திரம்."

உலகமும் மாடி வீடும்

மயிலாப்பூரில் ஒரு மாமி. மாமனார் வீணையோடு உட்கார்ந்திருக்கிற படம் கொடுத்தார். இன்டர்நெட்டில் போட்டால் யாரெல்லாம் பார்ப்பார்கள் என்று கேட்டார். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றேன். மாமி யோசித்தார். மாடியில் இருப்பது மைத்துனர் குடும்பம். அந்த வீணை எங்கே போச்சு என்று பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது மாமியின் பெட்ரூமில், கட்டிலுக்குப் பின்னால், போர்வை போர்த்திக்கொண்டு நின்றது.

"லோகமே பாக்கட்டும், நேக்கு ஒண்ணுமில்லை. மாடியில இருக்கறவா மட்டும் பாக்கப்படாது. அதுக்கு ஏதாவது பட்டன் இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்கோ."

மாம்பழக் கலர்

இதற்குள் ஆபீசுக்கு ஒரு புது சாஃப்ட்வேர் வந்தது. கிழிசலை ஒட்டும், கறையைத் துடைக்கும், கறுப்பு வெள்ளைக்குக் கலர் அடிக்கும். தி.நகர் சரோஜாம்மாவின் கல்யாணப் படத்தில் அவருக்குப் பச்சைப் புடவை கட்டிவிட்டது. ஆபீசை நடத்துகிற எங்கள் மேடத்துக்குக் கவலை. "மெஷின் குத்துமதிப்பா அடிச்ச கலரைப் பார்த்துட்டு, அப்ப எல்லாரும் பச்சைதான் கட்டினாங்கன்னு யாராவது புத்தகம் எழுதிடுவாங்க. நிஜக் கலர் என்னன்னு கேட்டுட்டு வாங்க" என்று அனுப்பினார்.

சரோஜாம்மா என் போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து, வெகுநேரம் பார்த்தார்.

"மாமியார் எடுத்தது மாம்பழக் கலரும்மா. நான் கேட்டது பச்சை. ஒருத்தரும் காதுல வாங்கல. இத்தனை வருஷம் கழிச்சு ஒரு மெஷினாவது கேட்டிருக்கு. மாத்திடாதே."

இடது கண்

எல்லோரும் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முகத்தை யாரும் பார்க்கவில்லை. பிலோமினா அம்மாவின் மூடின கண்ணையும் கறை என்று நினைத்து, மெஷின் அதைத் திறந்துவிட்டது. சும்மா இல்லை, இமைமயிரெல்லாம் வைத்து, பளிச்சென்று. படம் அப்படியே இன்டர்நெட்டில் ஏறிவிட்டது. பிலோமினா போன் பண்ணினார். "எங்கம்மா கண்ணைத் திறக்க யாரைக்கா கேட்டீங்க?"

மேடம் உடனே அதை எடுத்துவிட்டு, பூச்சி அரித்த பழைய படத்தையே போட்டார். மன்னிப்புக் கேட்க என்னையும் கூட்டிக்கொண்டு சாந்தோம் போனார். அங்கே பிலோமினாவின் தம்பி ஆரோக்கியம் உட்கார்ந்திருந்தார். வடபழனியில் குடியிருக்கிறார், ஷூட்டிங்கில் லைட்மேன். மேடம் இன்டர்நெட்டிலிருந்து எடுப்பதற்கு முன்னாலேயே அந்த இரண்டு கண் படத்தை போனில் பிடித்துப் பெரிதாக பிரிண்ட் போட்டுவிட்டார். அம்மாவின் வருஷ ஜெபத்துக்கு அதைத்தான் மாட்டப்போகிறாராம். "அது அம்மாவே இல்லடா" என்றார் அக்கா. மேடம் எவ்வளவோ நல்ல தமிழில் எடுத்துச் சொன்னார். ஆரோக்கியம் அசையவில்லை.

"அந்தக் கண்ணுக்காகச் சாவுற வரைக்கும் தலையைக் குனிஞ்சுகினே போனா எங்கம்மா. மெஷினாவது நிமித்தி வெச்சிருக்கு. இதுல இன்னா தப்பு?"

மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஜெபத்துக்கு வந்தவர்

ஜெபம் வடபழனியில், தம்பி வீட்டில். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சுவரில் பெரிய பிரேம், சாமந்தி மாலை. அம்மா இரண்டு கண்ணாலும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிலோமினா மட்டும் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ரெஜினா டீச்சர் வந்தார். அம்மாவோடு அதே பள்ளியில் வேலை பார்த்தவர், தினமும் மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர். கையில் மெழுகுவர்த்தி. பிரேமைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"யாருப்பா இது, உன் மாமியாரா? லட்சணமா இருக்காங்க. அம்மா படத்தை எங்க வெச்சிருக்கே? மெழுகுவர்த்தி ஏத்தணும்."

ஆரோக்கியம் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். மாலையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, பிரேமை இறக்கிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். அக்கா பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார்.

"உன் பையில வெச்சிருக்கியே, அதைக் குடு."

இப்போதெல்லாம் மெஷின் சரிபண்ணின படத்தை வெளியே விடுமுன், அந்த முகத்தோடு பழகினவர் ஒருத்தரிடம் காட்டிக் கேட்டுவிட்டு வரச் சொல்லி மேடம் என்னை அனுப்புகிறார். வேலை சுலபமாகட்டும் என்று வாங்கின சாஃப்ட்வேரால் என் நடைதான் இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது.