கெட்டிமேளத்துக்குள் ஓர் அழுகை

தாலி கட்டும் நேரத்தில் தும்மலோ அழுகையோ காதில் விழக்கூடாது என்றுதான் கெட்டிமேளம் கொட்டுவார்கள். என் சித்தப்பா வேதகிரி தவுல்காரர். அந்தச் சத்தத்துக்குள் அவர் பல வருஷமாக அழுதுகொண்டிருந்தார். யாருக்கும் கேட்டதில்லை.

மதுராந்தகத்தில் ஒரு கல்யாணத்தில் மேளம் நின்ற பிறகும் அவருடைய விம்மல் நிற்கவில்லை. பந்தலே திரும்பிப் பார்த்தது.

“இன்னாய்யா, நல்ல நேரத்துல ஒப்பாரி வைக்கிற?” என்று பெண்ணின் அப்பா அதட்டினார்.

“ஓமப் புகைங்க” என்றார் சித்தப்பா, தலை நிமிராமல்.

சமையல் கொட்டகைக்குப் பின்னால் நாயனக்காரர் ராஜாராம் அவரைப் பிடித்துக்கொண்டார். “புகை உன் கண்ணை மட்டும் தேடிகினு வந்துச்சா மச்சான்?”

“ரொம்ப நாளா இப்படித்தான் கீது. எல்லாரும் சந்தோசமா சிரிக்கறப்போ எனக்கு மட்டும் நெஞ்சு அடைக்குது. ஏன்னு தெரியல. வெக்கமா கீது.”

எங்கள் குடும்பத்தில் முதல் பி.ஏ. நான். பக்கத்தில் நின்ற எனக்கும் அதற்கு ஒரு பெயர் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் சித்தப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“நாளைக்குக் கடப்பாக்கத்துக்கு வேற ஆளை இட்டுகினு போறேன். நீ வூட்டுல தூங்கு” என்ற ராஜாராம், தவுலைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். நாயனக்காரர் தவுல் சுமந்து நான் பார்த்ததில்லை. பஸ் நிற்கும் இடம்வரை சித்தப்பா, வெறுங்கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், அவர் பின்னால் நடந்தார்.